பூக்காத வாரங்களின் பதிவேடு

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதன் ஆசிரியர் அறையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் நீளமான நோட்டு ஒன்று கிடக்கும். பிரித்தால் பக்கம் பக்கமாகப் பூஜ்யம். மொட்டு 0, பூ 0, காய் 0. மாறுதலில் புதிதாக வந்த கணக்கு வாத்தியார் அதைப் புரட்டிவிட்டு, "யாருங் டீச்சர் இந்தப் பையன், எல்லாப் பாடத்துலயும் முட்டை வாங்கியிருக்கறான்?" என்று கேட்டாராம். அந்தப் 'பையன்' பள்ளி வாசலில் நிற்கும் சரக்கொன்றை.

நோட்டுக்குச் சொந்தக்காரர் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளுக்கு வெறும் டீச்சர், ஊருக்குள் 'மரத்து டீச்சர்'. பாடம் நடத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறார். மரம் பார்ப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. அதற்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வில் கணக்கும் இல்லை. ஆனால் ஒரு தொழிலுக்குரிய கருவி, கட்டுப்பாடு, சண்டை, சலிப்பு எல்லாம் அதில் உண்டு.

இந்தக் கணக்கு போய்ச் சேரும் இடம் 'சீசன்வாட்ச்'. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2010இல் தொடங்கிய திட்டம். நாடெங்கும் சாதாரணமாகக் காணப்படும் மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன, எப்போது காய்க்கின்றன என்று பொதுமக்களே பார்த்து எழுதுகிறார்கள். கேரளத்தில் மாத்ருபூமி நாளிதழின் 'சீட்' என்ற பள்ளித் திட்டம் இதைக் கையில் எடுத்தது. அதனால் இதுவரை சேர்ந்திருக்கும் பதிவுகளில் பெரும்பகுதி கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. டீச்சருக்கும் இந்தப் பழக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வந்தது. கொழிஞ்சாம்பாறையில் வாத்தியார் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் பலாக்கொட்டைப் பொரியலைப் பரிமாறும்போது, தன் பள்ளிப் பலாமரத்தின் வாராந்தர நிலவரத்தையும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறார்.

முறை ஒன்றும் பெரிதில்லை. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அடிமரத்தின் சுற்றளவை எடுத்து, அது நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கொழுந்து, முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, மலர், காய், கனி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றில் ஒரு விடை. இல்லையென்றால் 0, கொஞ்சமென்றால் 1, நிறைய என்றால் 2. மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் கொஞ்சம், அதைத் தாண்டினால் நிறைய.

சண்டை வருவது அந்த மூன்றில் ஒரு பங்கில்தான். சாலைப் பக்கம் நின்று பார்க்கும் பையனுக்கு மரம் முழுக்கப் பூ. சத்துணவுக் கூடத்துப் பக்கமிருந்து பார்க்கும் பெண்ணுக்கு ஒரு கொத்து மட்டும். இருவர் சொல்வதும் உண்மை. வெயில் படும் பக்கம் முதலில் பூக்கும் மரங்கள் உண்டு. அதனால் மரத்தை முழுச் சுற்று சுற்றி வந்த பிறகே யாரும் வாய் திறக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு விதி வைத்திருக்கிறார். சுற்றி வரும்வரை நோட்டு அவர் கையிலேயே இருக்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு கை வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஊரிலேயே அழகான மரத்தைக் காட்டுவார்கள். அது வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டாம் மாதம் கணக்கு நின்றுபோகும். தினமும் கடந்து போகிற மரம்தான் உதவும், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. உச்சி தரையிலிருந்து தெரிய வேண்டும். மின்கம்பிக்கு அடியில் நிற்கும் மரம் ஆகாது. கிளை வெட்டியதும் தளதளவென்று கொழுந்து விடும், அது பருவத்தால் வந்த கொழுந்து அல்ல. கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பதும் சிக்கல்தான். கோடையில் ஊரே காய்ந்து கிடக்கும்போது சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அது மட்டும் பச்சையாக நிற்கும். அதன் கணக்கு குழாயின் கணக்காகிவிடும்.

மரத்தைப் படிக்கவும் பழக வேண்டும். கொன்றையின் காய் முற்றிக் கறுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். எனவே மஞ்சள் பூங்கொத்துக்குப் பக்கத்திலேயே போன ஆண்டின் கறுத்த நெற்றுகள் தடித்தடியாகத் தொங்கும். பூத்த மறுவாரமே பழுத்துவிட்டது என்று எழுதாமல் இருக்க இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். பலா பூக்கவே பூக்காது என்று பாதிப் பிள்ளைகள் நம்புகிறார்கள். சின்ன விரலளவு பச்சைக் கதிராக அடிமரத்திலும் கிளையிலும் முளைப்பதுதான் அதன் பூங்கொத்து, அதிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் கதிர் கறுத்து உதிர்வதைப் பார்த்துப் பிஞ்சு அழுகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் பெரியவர்களிலும் உண்டு.

வேப்பமரம் எல்லோருக்கும் தெரிந்த மரம் என்பதாலேயே ஆபத்து. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ கிடைத்துவிடும். மீதி நாளில் அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாசி, பங்குனியில் அது இலை உதிர்த்துச் செம்பழுப்பில் கொழுந்து விடுவது சில வாரங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். ஒரு வாரம் தவறவிட்டால் மரம் வேறு மரமாகி நிற்கும்.

பிள்ளைகளுக்கு முதலில் பிடிபடாத விஷயம் பூஜ்யம். பூ இருந்தால் ஓடி வந்து சொல்வார்கள். இல்லாவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை; இந்தத் துறையின் பழைய ஆவணங்களில் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்த்தி ஒட்டிய செடிகள், சேகரித்த தேதியோடும் இடத்தோடும் தாள் தாளாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். நூறு ஆண்டுக்கு முன் ஒரு செடி எந்த மாதம் பூத்திருந்தது என்று அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தாவரவியலாளர்கள் பெரும்பாலும் பூவோ காயோ இருக்கும் கிளையைத்தான் வெட்டி எடுப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் அந்த மரம் எப்படி இருந்தது, பக்கத்து மரம் பூத்திருந்ததா என்பதை அந்தத் தாள் சொல்லாது.

விடாமல் எழுதி வைத்தவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். முதல் பூ, முதல் இலை, முதல் தவளைச் சத்தம், முதல் தகைவிலான் என்று 27 அறிகுறிகள். அறுபது ஆண்டுகள் அவர் எழுதினார். அவருக்குப் பிறகு வாரிசுகள் 1958 வரை எழுதினார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாளை அரண்மனை நாட்குறிப்புகளிலிருந்தும் துறவிகளின் குறிப்புகளிலிருந்தும் தேடியெடுத்து, ஒன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால் போய் வரிசைப்படுத்தினார் யசுயுகி அவோனோ. 2021இல் அங்கே மார்ச் 26 அன்றே மலர்ச்சி உச்சத்துக்கு வந்துவிட்டது. அந்த 1,200 ஆண்டு வரிசையில் அதுவரை அவ்வளவு முந்திப் பூத்ததில்லை. அமெரிக்காவின் கான்கார்டில் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் எழுதிவைத்த பூக்கணக்கை, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடைய மாணவரும் மறுபடி அதே ஊரில் நடந்து சரிபார்த்தார்கள். செடிகள் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூப்பது தெரிந்தது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே கேட்கும் கேள்வி: "அப்ப நம்ம கொன்றையும் முந்திப் பூக்குதுங்களா டீச்சர்?"

தெரியாது என்றுதான் டீச்சர் சொல்வார். வகுப்பு கொஞ்சம் ஏமாந்துபோகும். ஆனால் அதற்கான காரணத்தை விளக்க ஒரு முழுப் பீரியட் போகும்.

நார்ஃபோக்கிலும் கான்கார்டிலும் மரங்கள் குளிரில் உறங்கி, வெப்பம் ஏறினால் விழிக்கின்றன. வெப்பம் முந்தினால் பூவும் முந்தும். கணக்கு ஓரளவு நேரானது. நம் பக்கம் வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. இங்கே மரத்தை எழுப்புவது பெரும்பாலும் மழையும் வறட்சியும் பகற்பொழுதின் நீளமும்தான், அவை மரத்துக்கு மரம் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கும். வால்பாறை மலையில் காப்பிச் செடியைப் பார்த்தால் இது விளங்கும். காப்பி மொட்டு வறட்சியில் இறுகி உறங்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை, சுமார் ஓர் அங்குலம் பெய்துவிட்டால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மழை பிசகினால் பூ பிசகும். தூறலோடு நின்றுபோனால் பாதி பூத்துப் பாதி கருகும். அதனால்தான் தோட்டக்காரர்கள் தலைமுறையாக மழைக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பூவின் தேதி வரவுசெலவின் தேதி.

மாமரம் கேட்பது வேறு. பூப்பதற்கு முன் அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். மார்கழிக் குளிர் சரியாக விழாத ஆண்டில் பூவுக்குப் பதிலாக இலைக்கொழுந்து வந்துவிடும். பூத்த பிறகு மூடாக்கும் ஈரமும் கூடினால் சாம்பல் நோய் வரும், தத்துப்பூச்சி வரும். பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டினால் முதலமடை. நாட்டிலேயே முன்கூட்டிச் சந்தைக்கு வரும் மாங்காய்களில் முதலமடை மாங்காய் ஒன்று. அந்த முந்துதலில்தான் அதன் விலையே இருக்கிறது. இரண்டு வாரம் பூ தள்ளிப்போனால் வடநாட்டுச் சந்தையில் வேறு ஊர்க் காய்கள் வந்து உட்கார்ந்துவிடும். டீச்சரின் நோட்டில் ஒரு மாமரத்துக்குப் பூ 2, பூ 2, பூ 1 என்று வந்துவிட்டு, காய்க் கட்டத்தில் தொடர்ந்து 0 நிற்கும் ஆண்டு உண்டு. பூத்ததை மட்டும் எழுதுகிற கணக்காக இருந்தால் அது நல்ல ஆண்டு என்று பதிவாகியிருக்கும்.

பள்ளியை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு டீச்சரின் வாராந்தர வருகை வேடிக்கை. "ஏனுங் டீச்சரம்மா, வாராவாரம் வந்து இந்தப் புளியமரத்தப் பாக்கறீங். எங்கியாச்சும் ஓடியா போயிரும்?" என்பார். பேச்சு வளர்ந்தால் பழைய நாட்களுக்குப் போவார். தை பிறந்தால்தான் புளி உலுக்குவோம், கொன்றை பங்குனி பிறக்காமல் பூக்கவே பூக்காது, இப்போது எல்லாம் தாறுமாறாகிவிட்டது என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். மரத்தோடு எழுபது ஆண்டு வாழ்ந்தவரின் சொல்லை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் "எந்த வருசம்ங்கய்யா அப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் அவரால் ஆண்டைச் சொல்ல முடிவதில்லை. ஞாபகத்தில் நிற்பவை விசித்திரமான ஆண்டுகள். சாதாரண ஆண்டு ஞாபகத்தில் தங்குவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுவதோ அந்தச் சாதாரண ஆண்டுதான்.

செய்தித்தாளுக்கும் இதே கோளாறு உண்டு. விஷுவுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் முன்பே கொன்றை பூத்துவிட்டது, காலநிலை மாற்றத்தின் அறிகுறி என்று ஆண்டுதோறும் படத்தோடு செய்தி வருகிறது. பூத்த மரத்தின் படம் உண்மைதான். அதே தெருவில் பூக்காமல் நின்ற ஒன்பது கொன்றைகளை யார் படம் எடுத்தார்கள்? ஒரே ஊரில் நிற்கும் கொன்றைகள் ஒரே வாரத்தில் பூப்பதில்லை. பிப்ரவரியிலேயே அவசரப்படும் மரமும் உண்டு, மே வரைக்கும் சாவகாசமாக இருக்கும் மரமும் உண்டு. சராசரி நகர்ந்திருக்கிறதா என்று சொல்ல, அவசரக்காரரையும் சாவகாசக்காரரையும் பல ஆண்டுகள் சேர்த்தே பார்த்தாக வேண்டும்.

கொன்றை நம்மை ஏமாற்றுவது புதிதில்லை. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போன தலைவன் இன்னும் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். பருவமில்லாத பருவத்தில் பெய்த மழையைக் கார் என்று தவறாக நினைத்துப் பூத்துவிட்ட அறிவில்லாத மரம் அது என்று தோழி தேற்றுகிறாள். பாடியவர் கோவர்த்தனார். மழையின் தூண்டலுக்கு மரம் பூக்கும், அந்த மழை காலம் தவறியும் வரும் என்கிற கவனம் அந்தத் தோழிக்கு இருந்திருக்கிறது. இதைக் காட்டி, சங்க காலத்தில் கார்காலத்துக்குப் பூத்த கொன்றை இன்று சித்திரைக்கு நகர்ந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. டீச்சர் அந்தக் கட்சியில் சேர்வதில்லை. பாடல் பாடலாக இருக்கட்டும், தரவு தனியாக வரட்டும் என்பது அவர் நிலை. தமிழாசிரியருக்கும் அவருக்கும் இதில் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

தரவு சேர்ப்பதில் பெரிய ஓட்டை கோடை விடுமுறை. கொன்றையும் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சி மரமும் பூத்துக் குலுங்கும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். மாணவர்களை நம்பி நடக்கும் எந்தக் கண்காணிப்புக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எதிரே டீக்கடை வைத்திருப்பவர்தான் அதை அடைத்தார். கடை திறந்ததும் கல்லாவுக்கு மேலே ஒட்டிய தாளில் அவர் எண்ணைப் போட்டு வைப்பார், ஜூனில் டீச்சர் வாங்கிக்கொள்வார். அவரிடம் ஒரு தனித் திறமை: டீ குடிக்க வருகிற நாலு பேரிடம் கேட்டு, சர்ச்சை தீர்ந்த பிறகே 1 அல்லது 2 போடுவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர் கடையும் மூடியது. அந்த மாதங்களில் பிள்ளைகள் தத்தம் வீட்டு முருங்கையையும் வேம்பையும் பதிவு செய்துகொண்டு கணக்கைத் தொடர்ந்தார்கள். பள்ளி வாசல் கொன்றைக்கு மட்டும் அந்தக் கோடையில் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

காலிக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. போய்ப் பார்த்தேன், பூ இல்லை என்பது பூஜ்யம். போகவே இல்லை என்பது காலி. இந்த வித்தியாசத்தை வகுப்பில் மிக அழகாக விளக்கியவர் முன்பு முட்டையைக் கிண்டல் செய்த அதே கணக்கு வாத்தியார்தான். பரீட்சை எழுதிப் பூஜ்யம் வாங்கியவனையும் பரீட்சைக்கே வராதவனையும் ஒரே கணக்கில் சேர்த்தால் வகுப்புச் சராசரி என்ன ஆகும் என்று பலகையில் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவரும் ஒரு புங்கமரத்தை வைத்திருக்கிறார்.

இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. ஒரு மாதக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரே மூச்சில் எழுதி நிரப்புவார்கள். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்: நான்கு வாரமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாம் 1. உண்மையான மரம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. டீச்சர் திட்டுவதில்லை. "பாக்கலைன்னா காலியா விடு கண்ணு, அதுவும் நேர்மையான பதில்தான்" என்பார். காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்களால் வேலை செய்ய முடியும். பொய்யான 1ஐ வைத்துக்கொண்டு முடியாது. பூவே இல்லாமல் கனி வந்த மரம், ஒரே வாரத்தில் முற்றிய இலை எல்லாம் காணாமல்போன மரம் போன்றவற்றை அவர்கள் சலித்து எடுக்கிறார்கள். எல்லாம் 1 போட்ட தாள் அந்தச் சல்லடையில் சிக்காமல் நழுவிவிடும்.

பூஜ்யத்தையும் காலியையும் பிரித்தறியப் பறவைக் கணக்கில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ கண்ட பறவைகளைக் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றால், எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஒரு பட்டியலில் இல்லாத பெயரும் அப்போது தகவலாகிவிடுகிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிய சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது. எத்தனை பட்டியல்களில் ஒரு பறவை இடம்பெறுகிறது, எத்தனையில் இடம்பெறவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. காக்கை, மைனா என்று எழுதச் சலிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சாம்பல் வாலாட்டிக்கும் இதே கதை. செப்டம்பர் வாக்கில் வால்பாறை ஓடைகளில் அது வந்து வாலை ஆட்டத் தொடங்கும். வலசைப் பறவைகளின் வருகை நாளைப் பதிவு செய்ய 2007இல் 'மைக்ரன்ட்வாட்ச்' என்று ஒரு திட்டமே தொடங்கியது. ஒருவர் செப்டம்பர் 10 அன்று முதல் வாலாட்டியைப் பார்த்ததாக எழுதினால், ஒன்பதாம் தேதி அவர் ஓடைக்குப் போனாரா என்பதுதான் அடுத்த கேள்வி. போய்ப் பார்த்து, இல்லை என்று எழுதியிருந்தால் பத்தாம் தேதிக்கு மதிப்பு. அன்றுதான் முதல்முறை போனார் என்றால் அது பறவை வந்த நாள் ஆகாது, அவர் போன நாள்.

இத்தனை தேதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு டீச்சர் சொல்லும் உதாரணம் நெதர்லாந்தின் ஹோகே வேலுவ காட்டிலிருந்து வருகிறது. அங்கே வாழும் பெரிய பட்டாணிக்குருவி நம்மூர்ப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தம். ஓக் மரத்தில் கொழுந்து வரும்போது அந்துப்பூச்சிப் புழுக்கள் பெருகும். குருவி குஞ்சுகளுக்கு அதைத்தான் ஊட்டும். வசந்தம் வெப்பமானதால் புழு பெருகும் நாட்கள் முன்னால் நகர்ந்துவிட்டன. குருவி முட்டையிடும் நாள் அதற்கேற்ப நகரவில்லை. குஞ்சுக்குப் பசி உச்சத்தில் இருக்கும்போது புழு குறைந்துபோயிருக்கிறது. மார்செல் விஸ்ஸரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் இதை வெளியிட்டார்கள். மரம், புழு, குருவி மூன்றுக்கும் தனித்தனியே ஆண்டுக்கணக்கில் தேதிகள் இருந்ததால்தான் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. நம்மூரில் இலவம் பூவுக்கு வரும் மைனாக்கள், புரசம்பூவுக்கு வரும் தேன்சிட்டு, வேப்பம்பழத்துக்கு வரும் குயில் எதற்கும் அப்படி ஒரு நீண்ட தேதி வரிசை பொதுவில் இல்லை.

வானிலை அதற்காகக் காத்திருக்கவில்லை. 2016இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரி உச்ச வெப்பநிலை, 1901இலிருந்து உள்ள பதிவுகளில் எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத அளவுக்கு ஏறியது. 2024 அதே பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு. மழை பொய்த்த 2016க்கு அடுத்த கோடையில் பள்ளிப் புங்கமரங்கள் மொட்டையாக நின்ற வாரங்கள் நோட்டில் நீண்டு கிடக்கின்றன. அது ஒரு ஆண்டின் வறட்சி. அதைக் காலநிலை மாற்றம் என்று அழைக்க ஒரு பள்ளியின் நோட்டு போதாது. காலநிலையின் இயல்பைக் கணிக்க உலக வானிலை அமைப்பு எடுத்துக்கொள்ளும் காலமே 30 ஆண்டு. 2010இல் தொடங்கிய திட்டத்துக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. இப்போது நடப்பது அடித்தளம் போடும் வேலை. சீசன்வாட்ச் ஆய்வாளர்களும் தங்கள் தரவைப் பற்றி அப்படித்தான் எழுதுகிறார்கள்: வெப்ப மண்டல மரங்களின் இயல்பான பருவம் எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும், விலகலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

இதில் டீச்சருக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பக்கத்து மாநிலத்தில் நாளிதழும் பள்ளிகளும் சேர்ந்து செய்த அளவுக்கு இந்தப் பக்கம் மரக்கணக்கு நடக்கவில்லை. மரம் நடும் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், நட்ட மரத்தை மறுவாரம் போய்ப் பார்க்க ஆளில்லை. தமிழில் பறவை பார்க்கக் கையேடுகள் வந்துவிட்டன, பொங்கல் கணக்கெடுப்புக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் வருகிறார்கள். மரத்துக்கும் அப்படி ஆள் சேர வேண்டும், குறிப்பாகக் கேரளம் பெறும் அளவுக்கு ஆண்டின் நடுவில் மழை பெறாத, ஐப்பசி மழையை நம்பி நிற்கும் நம் கிழக்கு மாவட்டங்களில். தஞ்சாவூர் வேம்பும் பாலக்காட்டு வேம்பும் ஒரே மாதத்தில் கொழுந்து விடும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் ஒரு வேம்பையோ புளியையோ கொன்றையையோ தேர்ந்தெடுக்கலாம். கிளை வெட்டாத, குழாயிலிருந்து தள்ளி நிற்கும் மரமாக இருக்கட்டும். சீசன்வாட்ச் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து, கோடை விடுமுறைக்கு யார் பார்ப்பது என்பதையும் முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். மரம் இப்போது பூக்கவில்லை என்றால் 0 என்று எழுதி இந்த வாரமே தொடங்குங்கள்.